மண்ணுக்கு டாஷ்போர்ட் போடமுதல்



இந்தக் கிழமை எபிசோட்டில் க்ளைமட்-டெக் வேலைகளைப் பற்றிக் கதைத்தோம். முடியிற நேரத்தில் ஒரு கேள்வி வந்தது: "மண்ணுக்குள்ளை காபனைச் சேமிக்கலாம் எண்டு சொல்லுகினம்தானே, அது ஏன் இன்னும் பெரிசா வரேல்லை?" நான் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டேன். கேட்ட ஆட்களுக்கு விளங்கியிருக்கும். மழுப்பினதற்குக் காரணம் இருக்கு. அதைத்தான் இண்டைக்கு எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முதல் ஒரு கொம்பனியில் நான்கு மாதக் கன்ட்ராக்ட். பெயர் வேண்டாம். விவசாயிகளின் வயல்களில் எவ்வளவு காபன் கூடியிருக்கு என்று கணக்குப் போட்டு, அதைக் கிரெடிட் ஆக்கி, பெரிய கொம்பனிகளுக்கு விற்பதுதான் அவர்களின் பிசினஸ். வாங்குகிறவர்கள் பார்க்கிற டாஷ்போர்ட் என்னுடைய வேலை. பச்சை நிற வரைபடம், மேலே ஏறுகிற கோடு, வயலைக் கிளிக் பண்ணினால் ஒரு எண்.

மூன்றாவது கிழமை டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். "அளந்த காபன்" என்று ஒரு கொலம். ஒவ்வொரு வயலுக்கும் தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கம். பக்கத்தில் மண் மாதிரி எடுத்த திகதிக்கான கொலம். பத்தில் ஒன்பது வயலுக்கு அது வெறுமை. அதாவது அந்த வயலில் ஒருவரும் மண்ணைத் தொடவே இல்லை. காலநிலை டேட்டா, சட்டலைட் படம், விவசாயி நிரப்பின ஃபோர்ம் மூன்றையும் ஒரு மொடலுக்குள் போட்டு எடுத்த எண் அது. மொடல் பாவித்தது பிழை இல்லை. அதை "அளந்த" என்று சொன்னதுதான் பிழை.

"மதிப்பிட்ட காபன்" என்று பெயர் மாத்துவோம் என்று ஒரு டிக்கெட் போட்டேன். "வாங்கிற ஆக்களைக் குழப்பும்" என்று சொல்லி அன்றைக்கே மூடிவிட்டார்கள். நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. கோடு மேலே ஏறுகிற அனிமேஷனை இன்னும் கொஞ்சம் மிருதுவாக்கிக் கொடுத்தேன். இன்வொய்ஸ் அனுப்பினேன், காசு வந்தது, மோர்ட்கேஜ் கட்டினேன். எபிசோட்டில் சிரித்து மழுப்பினது இதை நினைத்துத்தான்.

0.008

முதலில் மண் காபன் ஏன் முக்கியம் என்று பார்ப்போம். உலகத்து மண்ணின் மேல் ஒரு மீட்டரில் மட்டும் சுமார் 1,500 பில்லியன் தொன் காபன் இருக்கிறது. வளிமண்டலத்தில் உள்ளதையும் எல்லா மரஞ்செடிகளில் உள்ளதையும் சேர்த்தாலும் அதைவிடக் கொஞ்சம் கூட. இலை, வேர், சாணம் எல்லாம் உக்கி மண்ணோடு சேருது. நுண்ணுயிர்கள் அதைச் சாப்பிட்டுக் காபனீரொட்சைட்டாகத் திருப்பி விடுது. வரவு கூடினால் சேமிப்பு, செலவு கூடினால் நட்டம். சூடு கூடக்கூட நுண்ணுயிர்களின் வேகமும் கூடும். 10 பாகை ஏறினால் உக்குகிற வேகம் கிட்டத்தட்ட இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே காலநிலை மாற மாற, மண்ணே இன்னும் கொஞ்சக் காபனை வெளியே விடுகிற ஆபத்து இருக்கு.

2015 இல் பாரிஸ் மாநாட்டின்போது பிரான்ஸ் அரசு "ஆயிரத்துக்கு நான்கு" என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. மண்ணில் உள்ள காபனை ஒவ்வொரு வருடமும் 0.4 விழுக்காடு கூட்டினால், மனிதர் வெளியேற்றுகிறதில் பெரிய பங்கை ஈடுகட்டலாம் என்பது யோசனை. கேட்க நல்லாத்தான் இருக்கு. இப்ப ஒரு வயலில் அதைப் போட்டுப் பாருங்கோ.

ஒரு ஹெக்டயர், 30 சென்ரிமீட்டர் ஆழம், மண்ணின் அடர்த்தி 1.3 என்று வைப்போம். அந்த மண் 3,900 தொன். அதில் 2 விழுக்காடு காபன் என்றால் 78 தொன். அதன் 0.4 விழுக்காடு, வருடத்துக்கு 0.31 தொன். லாப் ரிப்போர்ட்டில் இது எப்படித் தெரியும்? போன வருடம் 2.000 விழுக்காடு, இந்த வருடம் 2.008 விழுக்காடு.

ஒரே வயலில் மேட்டுப்பக்கம் ஒரு மாதிரியும் பள்ளப்பக்கம் ஒரு மாதிரியும் எடுத்தாலே 1.7, 2.4 என்று வரும். அந்த இரைச்சலுக்குள் 0.008 ஐத் தேட வேண்டும். இன்னொரு சிக்கல், அடர்த்தி. டிராக்டர் ஓடி மண் கொஞ்சம் இறுகி 1.3 என்பது 1.35 ஆனால், அதே 30 சென்ரிமீட்டருக்குள் கூட மண் வந்துவிடும். கணக்கில் காபன் 78 இலிருந்து 81 தொன் ஆகிவிடும். ஒன்றுமே கூடாமல் பத்து வருடத்து "லாபம்"! இதைத் திருத்துகிற வழி விஞ்ஞானிகளுக்குத் தெரியும்: ஆழத்தை வைத்து ஒப்பிடாமல் ஒரே எடை மண்ணை வைத்து ஒப்பிடுவது. ஆனால் அதுக்குப் போதிய மாதிரிகள் வேணும், காசு வேணும், எல்லாத்துக்கும் மேலே ஐந்து பத்து வருடப் பொறுமை வேணும். காலாண்டுக்கு ஒருக்கால் முதலீட்டாளருக்குக் கணக்குக் காட்டுகிற ஸ்டார்ட்டப்பிடம் இல்லாதது அந்தக் கடைசிச் சாமான்தான்.

அதுதான் மொடல் வருகிற இடம். ரொத்-சி என்று பெயர் கேட்ட மொடல் ஒன்று இருக்கு. இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பிறந்தது. மண்ணின் காபனை ஐந்து பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த வேகத்தில் உக்குது என்று கணக்குப் போடும். கோட் என்று பார்த்தால் முதலாம் வருட மாணவர் ஒரு வார இறுதியில் எழுதிவிடலாம். அதன் பெறுமதி கோட்டில் இல்லை. 1843 இல் தொடங்கி இன்றுவரை அதே வயல்களில் பயிர் வைத்து, மண்ணை எடுத்துப் போத்தலில் அடைத்துப் பாதுகாத்து வந்தார்களே, அந்த டேட்டாவில்தான் இருக்கு. வருடம் தவறாமல் எருப் போட்ட துண்டில் காபன் இரண்டு மடங்குக்கு மேலே ஏறினது. ஆனால் அதுக்கு நூறு வருடத்துக்கு மேலே எடுத்தது, ஏறின வேகமும் போகப்போகக் குறைந்தது. நான் செய்த டாஷ்போர்ட்டில் கோடு நேராக மேலே போய்க்கொண்டே இருந்தது.

சந்தை இதையெல்லாம் பார்த்துக் காத்திருக்கவில்லை. 2021 இல் அமெரிக்காவின் ட்ரூடெரா விவசாயிகளிடமிருந்து 100,000 தொன் வரையான மண் காபன் கிரெடிட்டை வாங்க மைக்ரோசொஃப்ட் முன்வந்தது. சியாட்டிலில் நோரி என்ற கொம்பனி இதே கிரெடிட்டைப் பிளொக்செயினில் விற்றது. 2024 இல் அதை மூடிவிட்டார்கள். பிளொக்செயினில் ஒரு எண்ணை ஏற்றினால் பிறகு ஒருவரும் மாற்ற முடியாது என்பது உண்மை. ஏற்றின எண் சரியா என்பது வேறு கேள்வி.

ஹைவே 400 இல் ஒரு கறுப்பு நிலம்

இப்ப எங்கட ஊருக்கு வருவோம்.

வசாகா பீச்சுக்குப் போகிற ஆட்கள் எல்லாருக்கும் ஹைவே 400 தெரியும். ரொறன்ரோவிலிருந்து வடக்கே 50 கிலோமீட்டர் அளவில், பிராட்ஃபோர்ட் வருவதற்கு முதல், ரோட்டு ஒரு பள்ளத்துக்குள் இறங்கும். இரண்டு பக்கமும் தட்டையான, கன்னங்கரேலென்ற நிலம். அதுதான் ஹொலண்ட் மார்ஷ். நீங்கள் கடையில் வாங்குகிற ஒன்ராறியோக் கரட்டும் வெங்காயமும் பெரும்பாலும் அங்கேயிருந்துதான் வருது.

அது முதலில் சதுப்பு நிலம். தண்ணிக்குக் கீழே ஒட்சிசன் போகாது. அதனால் ஆயிரக்கணக்கான வருடமாக விழுந்த தாவரங்கள் முழுதாக உக்காமல் பீட் மண்ணாகச் சேர்ந்தன. 1925 இல், ஒன்ராறியோ விவசாயக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹென்றி டே என்பவரின் முயற்சியில் கால்வாய் வெட்டி, அணை கட்டி, தண்ணியைப் பம்ப் பண்ணி இறைக்கிற வேலை தொடங்கியது. 1930 அளவில் சுமார் 7,000 ஏக்கர் விவசாய நிலம் தயார். 1934 இல் டச்சுக் குடும்பங்கள் வந்து குடியேறினார்கள். 1954 இல் ஹேசல் சூறாவளி வந்து முழு இடத்தையும் திரும்ப ஏரியாக்கினது. அதையும் இறைத்து வற்ற வைத்தார்கள்.

தண்ணியை இறைத்தவுடன் இன்னொரு விசயமும் தொடங்கினது. ஒட்சிசன் உள்ளே போனது. நுண்ணுயிர்கள் ஆயிரம் வருடச் சேமிப்பைச் சாப்பிடத் தொடங்கின. காற்றும் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகுது. நிலம் வருடா வருடம் கீழே இறங்குது. இது அங்கே மட்டும் இல்லை. இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851 இல் நிலமட்டத்தோடு நட்ட இரும்புத் தூண், இண்டைக்கு 4 மீட்டர் வெளியே நிற்குது. தூண் வளரவில்லை. நிலம் போய்விட்டது. எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த லொக் ஃபைல் அது. ஒரு வரி கோட் இல்லை, பொய் சொல்லவும் மாட்டாது.

கணக்கைப் பாருங்கோ. ஐ.பி.சி.சி.யின் 2013 ஆம் ஆண்டு வழிகாட்டியில், எங்கட மாதிரிக் குளிர்ந்த, மிதமான காலநிலையில் தண்ணி வடித்துப் பயிர் செய்கிற பீட் நிலம் ஒரு ஹெக்டயருக்கு வருடம் 7.9 தொன் காபனை இழக்கும் என்று இருக்கு. மேலே பார்த்த லாபம் 0.31 தொன். அதாவது ஒரு ஹெக்டயர் பீட் இழப்பதை ஈடுகட்ட, ஏறக்குறைய 25 ஹெக்டயர் சாதாரண வயலில் ஆயிரத்துக்கு நான்கு திட்டம் முழுசாக வெற்றி பெற வேண்டும். 7,000 ஏக்கருக்கும் பெருக்கினால் வருடத்துக்கு 80,000 தொன்னுக்கு மேலே காபனீரொட்சைட்டு வரும். மைக்ரோசொஃப்ட் வாங்க முன்வந்த 100,000 தொன்னுக்குக் கிட்ட, எங்கட வீட்டுக்குப் பக்கத்தில், ஒரே வருடத்தில்.

இதுவும் பொதுச் சராசரியை வைத்துப் போட்ட மதிப்பீடுதான், அளவீடு இல்லை. லேபிளை நானே ஒட்டிவிடுகிறேன். பார்த்தீங்களா, அப்படி எழுதினால் ஒருவரும் குழம்பவில்லை.

ஹொலண்ட் மார்ஷை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. எங்களுக்குச் சாப்பாடு வேணும். அங்கேயுள்ள விவசாயிகளுக்கு இந்தப் பிரச்சினை எங்களைவிட நல்லாத் தெரியும். மண் முடிந்து அடியில் களி வந்தால் போவது அவர்களின் பிழைப்பு. வெங்காயத்துக்கு நடுவில் பார்லி விதைத்துக் காற்றைத் தடுக்கிறார்கள். குளிர்காலத்துக்கு மூடுபயிர் போடலாம், பயிர் இல்லாத காலத்தில் தண்ணி மட்டத்தை உயர்த்தி வைக்கலாம். குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் ஒன்று அந்த நிலத்திலேயே இருக்கு. இதெல்லாம் இழப்பை மெதுவாக்கும், நிறுத்தாது. ஆனால் "இழப்பை மெதுவாக்கினோம்" என்று சொல்லிக் கிரெடிட் விற்பது கஷ்டம். மேலே ஏறுகிற கோடு இல்லை. அதனால் அந்தப் பக்கம் டாஷ்போர்ட்டும் இல்லை.

அப்பாவின் பனையோலை

ஒருமுறை அப்பாவை வசாகா பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஹொலண்ட் மார்ஷைக் கடக்கும்போது கண்ணாடியை இறக்கிப் பார்த்தவர். "தம்பி, இந்த மண்ணிலை என்ன போட்டாலும் வரும். நாங்கள் அங்கை இதுக்குத்தான் சாகிறனாங்கள்."

அப்பாவின் ஆட்களுக்கு உரும்பிராய்ப் பக்கம் தோட்டம். செம்மண், கீழே சுண்ணக்கல். வெங்காயம் நடமுதல் பனையோலையையும் பூவரசங் குழையையும் மண்ணுக்குள் தாழ்ப்பார்களாம். ஆடு மாட்டைத் தோட்டத்தில் பட்டி கட்டி விடுவார்களாம். "எத்தினை வருசம் தாட்டால் மண் கறுக்கும்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுச் சொன்னவர்: "கறுக்காது. அடுத்த வருசமும் தாழ்க்க வேணும். மண்ணுக்கு அது சாப்பாடு மாதிரி, ஒருக்கால் குடுத்தாப் போதாது, நெடுக வேணும்."

ரொத்-சி சொல்வதும் அதுதான். யாழ்ப்பாணத்துச் சூட்டில் உக்கல் நிற்காது. போட்டுக்கொண்டே இருந்தால்தான் இருக்கும். நிறுத்தினால் இறங்கிவிடும். நான் வேலை செய்த கொம்பனியின் ஒப்பந்தம் பத்து வருடம். பதினோராவது வருடம் விவசாயி திரும்ப ஆழ உழுதால், விற்ற தொன்னில் ஒரு பங்கு திரும்பக் காற்றுக்குப் போகும். அதை வாங்கின கொம்பனி வெளியேற்றின காபனீரொட்சைட்டோ நூற்றாண்டுக் கணக்கில் மேலே நிற்கும்.

மண்ணை அவசரப்படுத்த முடியாது என்பதற்கு இலங்கை ஒரு பெரிய பாடம். 2021 ஏப்ரலில் கோத்தாபய ராஜபக்ச அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே வெட்டாகத் தடை செய்தது. நாடு முழுக்கச் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்றார்கள். நோக்கம் கேட்க நல்லது. ஆனால் மண்ணில் உக்கலைக் கட்டியெழுப்ப வருடங்கள் வேணும். போதிய பசளையும் நாட்டில் இல்லை. டெஸ்ட் பண்ணாத கோட்டை வெள்ளிக்கிழமை பின்னேரம் ப்ரொடக்‌ஷனுக்குத் தள்ளின கதைதான். நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். அதுக்குள் நெல் விளைச்சல் விழுந்துவிட்டது. ரோல்பேக் பண்ணலாம், ஒரு போகத்தைத் திருப்பி எடுக்க முடியாது.

அப்ப என்ன செய்யலாம்?

எதிர்ப் பக்கத்தில் ஒரு நியாயமான வாதம் இருக்கு. எபிசோட்டுக்கு முதல் ஒரு நண்பர் என்னோடு சண்டை பிடித்தவர்: "நீ சொல்லிற மாதிரி எல்லா வயலையும் அளந்துகொண்டிருந்தால், அளக்கிற செலவிலை விவசாயிக்குக் குடுக்க ஒண்டும் மிஞ்சாது. பிழையான எண்ணாலை எண்டாலும் அவைக்கு ஒரு காசு போகட்டுமே?"

காசு போகட்டும். அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. மண் காபன் காலநிலைக்கு மட்டும் இல்லை. மழை இல்லாத நேரத்தில் தண்ணியைப் பிடித்து வைக்கும், பெருமழையில் மண் அரிபடாமல் காக்கும். எலோராவில் குவெல்ஃப் பல்கலைக்கழகம் 1980 முதல் ஒரு பயிர்ச்சுழற்சிப் பரிசோதனையை நடத்தி வருது. சோளமும் சோயாவும் மட்டும் போடாமல் கோதுமையும் க்ளோவரும் சேர்த்தால், மோசமான வருடங்களிலும் விளைச்சல் அவ்வளவு விழாது என்று அது காட்டியிருக்கு. ஆகவே மூடுபயிருக்கும் சுழற்சிக்கும் அரசு நேரடியாகக் காசு கொடுக்கட்டும். செய்த வேலைக்குக் காசு. வேலை நடந்ததா என்று சட்டலைட்டில் பார்க்கலாம், அது லேசு. தொன் கணக்கில் கிரெடிட் ஆக்கினால்தான் சிக்கல். ஏனென்றால் அந்தத் தொன்னைக் காட்டி இன்னொரு கொம்பனி தன் புகையைத் தொடரப்போகுது. தொன் பிழை என்றால் நட்டப்படுவது வாங்கினவரும் இல்லை, விற்றவரும் இல்லை. அந்தக் கணக்கில் பெயரே இல்லாத மற்ற எல்லாரும்தான்.

இரண்டாவது, ரெஸ்டோர் பண்ண ஓடமுதல் பேக்கப்பைக் காப்பாத்துங்கோ. ஒன்ராறியோவில் 2016 க்கும் 2021 க்கும் இடையில் ஒரு நாளைக்கு 319 ஏக்கர் விவசாய நிலம் போயிருக்கு என்று விவசாயிகள் சம்மேளனம் கணக்கெடுப்பை வைத்துச் சொல்லுது. 2022 இல் மாகாண அரசு கிரீன்பெல்ட்டிலிருந்து 7,400 ஏக்கரை எடுக்கப் பார்த்தது ஞாபகம் இருக்கும். அதில் பெரிய துண்டு பிக்கரிங்கில், ரூஜ் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்தில். மார்க்கம், ஏஜக்ஸ் ஆட்கள் தினமும் கடக்கிற இடம். சனம் கத்தினபடியால் 2023 செப்டம்பரில் பின்வாங்கினார்கள். காபன் என்று பார்த்தால், எந்த ஸ்டார்ட்டப்பும் விற்காத பெரிய வெற்றி அது.

இன்னும் பெரியது வடக்கே இருக்கு. ஹட்சன் விரிகுடாத் தாழ்நிலம் உலகத்தின் மிகப் பெரிய பீட் நிலங்களில் ஒன்று. அந்தப் பக்கத்தில்தான் ரிங் ஒஃப் ஃபயர் என்ற சுரங்கத் திட்டம். 2025 ஜூனில் நிறைவேறின மாகாணச் சட்டமூலம் 5, அப்படியான இடங்களை விசேட வலயமாக்கி வழமையான விதிகளைத் தள்ளி வைக்க அரசுக்கு அதிகாரம் கொடுக்குது. அந்த நிலத்தின் முதற்குடி மக்கள் பலர் எதிர்க்கிறார்கள். ஊரில் ஆற்றையோ நிலத்தை அரசு வந்து வலயம் என்று பெயர் போட்டு எடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, அவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று விளங்கக் கஷ்டம் இருக்காது.

மூன்றாவது எங்கட தொழிலுக்கு. உங்களில் கன பேர் இப்ப படித்து முடித்து வேலை தேடுகிறீர்கள். க்ளைமட்-டெக் என்றால் நல்ல மனத்தோடு போவீர்கள். போங்கோ. இன்டர்வியூவில் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கோ. இந்த எண்களில் எத்தனை மண்ணில் அளந்தது, எத்தனை மொடல்? பிழை வரம்பு எவ்வளவு, அதை வாங்குகிறவருக்குக் காட்டுகிறீர்களா? பத்து வருடத்துக்குப் பிறகு யார் பொறுப்பு? நல்ல கொம்பனி என்றால் சந்தோசமாக இருந்து விளக்குவார்கள். அப்படியான ஆட்களும் இருக்கினம், நான் கண்டிருக்கிறன்.

டிக்கெட்டை மூடினால் திரும்பத் திறவுங்கோ. நான் திறக்கவில்லை. என் கோட் இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். ஒருவரும் தொடாத வயலுக்கு, தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு, "அளந்த" என்று காட்டிக்கொண்டு.

அடுத்த முறை 400 இல் போகும்போது அந்தப் பள்ளத்தில் கண்ணாடியை இறக்கிப் பாருங்கோ. அப்பா அம்மாவும் கூட இருந்தால், ஊரில் மண்ணுக்கு என்ன தாட்டவை என்று கேளுங்கோ. எனக்கு எழுதி அனுப்புங்கோ, வருகிற எபிசோட்டில் வாசிக்கிறேன். இந்த முறை மழுப்பமாட்டேன்.